தண்ணீருக்குக் கணக்கு எழுதிய நகரங்கள்

ஒரு மளிகைக் கடைக்கு மாத ஆரம்பத்தில் நூறு மூட்டை அரிசி வந்து இறங்குகிறது. மாதக் கடைசியில் பில் புத்தகத்தைப் புரட்டினால் முப்பது மூட்டைதான் விற்றிருக்கிறது. குடோனிலோ ஒரு மூட்டை கூட மிச்சம் இல்லை. கடைக்காரர் என்ன செய்வார்? எலி தின்றதா, வேலைக்காரர்கள் எடுத்தார்களா, எடைக்கல்லில் கோளாறா என்று குடைந்து எடுத்துவிடுவார் அல்லவா? "சரி, இன்னும் நூறு மூட்டை வாங்கிப் போடு" என்று எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

ஆனால் உலகத்தின் பல பெரிய நகரங்கள் தண்ணீர் விஷயத்தில் அதைத்தான் செய்து வந்திருக்கின்றன. பற்றாக்குறையா, புதிய அணை கட்டு. மறுபடியும் பற்றாக்குறையா, இன்னும் தூரத்தில் இருக்கும் ஆற்றைப் பிடி. வந்த தண்ணீர் எங்கே போனது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, உலக நகரங்களில் குழாயில் அனுப்பப்பட்டும் பணமாகத் திரும்பி வராத தண்ணீர் ஆண்டுக்கு சுமார் 12,600 கோடி கன மீட்டர். இழப்பின் மதிப்பு சுமார் 3,900 கோடி டாலர்! கசிவு, திருட்டு, ஓடாத மீட்டர், எழுதப்படாத பில் எல்லாம் இதில் அடக்கம்.

இந்தக் கணக்கை எழுத முயன்ற சில நகரங்களின் கதையைப் பார்க்கலாம். முதல் கதை கிட்டத்தட்ட 1,900 வருடப் பழசு.

ரோம்: வரவை மீறிய செலவு

கி.பி. 97-ல் ரோமப் பேரரசர் நெர்வா, நகரத்தின் தண்ணீர்த் துறைக்குத் தலைவராக செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃப்ரான்டினஸ் என்பவரை நியமித்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. ரோமின் உயர்ந்த பதவியான கான்சலாக இருந்தவர், பிரிட்டனுக்கு ஆளுநராக இருந்தவர், படை நடத்தியவர். அவ்வளவு பெரிய மனிதருக்குக் குழாய்த் தண்ணீர் இலாகாவா என்று தோன்றலாம். ஆனால் ரோமில் அது கௌரவமான பதவி. கி.மு. 312-ல் முதல் கால்வாய் கட்டியதில் தொடங்கி, அவர் காலத்தில் ஒன்பது பெரிய கால்வாய்கள் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்துகொண்டிருந்தன.

பதவிக்கு வந்ததும் ஃப்ரான்டினஸ் செய்த முதல் வேலை, வேலையைக் கற்றுக்கொண்டது. கீழே இருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும் அதிகாரியாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, தான் தெரிந்துகொண்டதை எல்லாம் ஒரு கையேடாக எழுதி வைத்தார். அந்தக் கையேடு இன்றும் இருக்கிறது. 1429-ல் போஜியோ என்ற இத்தாலிய அறிஞர் மான்டே காசினோ மடத்தில் அதன் பழைய பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார்.

அன்று தண்ணீரை அளக்கும் அலகு குவினேரியா. அது ஒரு குறிப்பிட்ட அளவுள்ள சின்னக் குழாய். குறுக்களவு சுமார் 2.3 சென்டிமீட்டர். "இத்தனை குவினேரியா" என்றால் அத்தனை சின்னக் குழாய்களில் ஓடும் தண்ணீர் என்று பொருள்.

அரசுப் பதிவேடுகளை ஃப்ரான்டினஸ் எடுத்துப் பார்த்தார். கால்வாய்கள் மூலம் வரவு: 12,755 குவினேரியா. நகரத்துக்குக் கொடுத்த பற்று: 14,018 குவினேரியா. வந்ததைவிடக் கொடுத்தது 1,263 அதிகம்! எந்த ஆடிட்டராக இருந்தாலும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். வராத சரக்கை எப்படி விற்க முடியும்?

அவர் ஆபீஸில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கால்வாய்கள் தொடங்கும் இடங்களுக்குப் போய் அளந்தார். மார்சியா கால்வாய்க்குப் பதிவேட்டில் இருந்தது 2,162. அளந்து பார்த்தால் 4,690. ஆப்பியா கால்வாய்க்குப் பதிவேட்டில் 841, அளவில் 1,825. மொத்தமாகப் பார்த்தால் பதிவேட்டில் இருந்ததைவிட ஏறத்தாழ 10,000 குவினேரியா கூடுதலாக வந்துகொண்டிருந்தது. அதாவது, பிரச்சினை தலைகீழானது. ரோமுக்குத் தண்ணீர் போதாமல் இல்லை. வந்த தண்ணீரில் கணிசமான பகுதி புத்தகத்தில் ஏறவே இல்லை.

எங்கே போனது? தண்ணீர் இலாகாவின் சொந்த ஆட்களிடமே போனது. அவர்களுடைய தந்திரங்களை ஃப்ரான்டினஸ் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்.

ஒன்று, அளவில் மோசடி. தண்ணீரை வாங்கும் பெரிய குழாய்களைச் சட்டப்படி இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாகவும், விநியோகிக்கும் சிறிய குழாயை அளவைவிடச் சிறிதாகவும் செய்து வைத்திருந்தார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால், வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சின்னப் படி! இரண்டு, தண்ணீர் உரிமை ஓர் ஆளிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது தொட்டியில் புதிய துளை போடுவார்கள். பழைய துளையை அடைக்காமல் அதில் வரும் தண்ணீரைத் தாங்களே விற்றுக்கொள்வார்கள். மூன்று, தெருக்களுக்கு அடியில் ரகசியக் குழாய்கள். போகிற வழியில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் அதில் திருட்டு இணைப்பு. இந்தக் குழாய்களைத் தோண்டி எடுத்தபோது கணிசமான அளவு ஈயம் கிடைத்தது என்கிறார்.

திருட்டுத் தண்ணீர் வயல்களுக்கும், மதுக்கடைகளுக்கும், விபச்சார விடுதிகளுக்கும் கூடப் போனது. நஷ்டம் யாருக்கு? வீட்டுக்குத் தனி இணைப்பு பெற பேரரசரின் அனுமதி வேண்டும், அது வசதியானவர்களுக்கானது. சாதாரண ஜனங்கள் தெருத் தொட்டிகளில்தான் பிடித்துக் குடித்தார்கள். குறைந்தது அவர்கள் தொட்டியில்.

தண்ணீர் இலாகாவில் மொத்தம் 700 அடிமைப் பணியாளர்கள் இருந்தார்கள். மேற்பார்வையாளர்கள் அவர்களைத் தனியார் வேலைக்கு அனுப்பிச் சம்பாதித்து வந்தார்கள். மறுநாள் யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முதல் நாளே எழுதி, செய்த வேலையையும் பதிவு செய்யும் முறையை ஃப்ரான்டினஸ் கொண்டுவந்தார். தண்ணீர் உரிமைகள் மூலம் வந்த ஆண்டு வருமானம் சுமார் 2,50,000 செஸ்டர்ஸ். அதற்கு முன் அந்தப் பணம் டொமிஷியன் பேரரசரின் சொந்தப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது; நெர்வா அதைப் பொதுக் கணக்குக்குத் திருப்பினார்.

ஆனால் இந்த முதல் தண்ணீர் ஆடிட்டில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. குவினேரியா என்பது குழாயின் வாய் அளவு மட்டுமே. தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதில் இல்லை. வேகமாக ஓடினால் அதே குழாயில் அதிகத் தண்ணீர் வரும் என்பது ஃப்ரான்டினஸுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் வேகத்தைக் கணக்கில் சேர்க்கும் வழி அவரிடம் இல்லை. எனவே அவர் சொன்ன இழப்பில் எவ்வளவு திருட்டு, எவ்வளவு அளவுப் பிழை என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

லிவர்பூல்: ராத்திரியில் பேசும் குழாய்கள்

வேகத்தை அளக்கும் கலை கைக்கு வர பல நூற்றாண்டுகள் ஆயின. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரங்கள் வேறொரு சிக்கலில் மாட்டின. பூமிக்கு அடியில் மைல் கணக்கில் இரும்புக் குழாய். எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்று தெரியாது! இழப்பைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவது. லிவர்பூலிலும் அதுதான் நடந்தது.

1871-ல் அந்த நகரத்தின் பொறியாளராக வந்தவர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் டீக்கன். அப்போது அவருக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. 1873-ல் அவர் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கூம்பு வடிவக் குழாய்க்குள் ஒரு தட்டு தொங்கும். தண்ணீர் ஓட்டம் அதிகமானால் தட்டு கீழே தள்ளப்படும். தட்டோடு இணைந்த பென்சில், கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய காகிதத்தில் கோடு போடும். ஒரு முழு நாளின் தண்ணீர் ஓட்டம் காகிதத்தில் படமாக வந்துவிடும்.

கருவியைவிட அதைப் பயன்படுத்திய விதம்தான் அழகு. நகரத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியின் நுழைவாயிலிலும் மீட்டர். நடு இரவில் யாரும் சமைப்பதில்லை, துவைப்பதில்லை. ஊரே தூங்கும்போதும் மீட்டர் காகிதத்தில் கோடு உயரமாக இருந்தால், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் ஒழுகுகிற தண்ணீர்தான். உடனே பணியாளர்கள் தெருவில் இறங்குவார்கள். வீடுகளுக்கு வெளியே இருக்கும் வால்வுகளில் இரும்புச் சாவியை வைத்து, டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல் காதை வைத்துக் கேட்பார்கள். சத்தம் கேட்டால் அந்த வால்வை மூடி நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். காலையில் காகிதத்தில் எந்த நேரத்தில் கோடு சட்டென்று இறங்கியிருக்கிறதோ, அந்த வீட்டில் ஒழுகல்.

வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்காமலேயே இழப்பு பெரிதும் குறைந்தது. நாள் முழுவதும் தண்ணீர் விடும் முறைக்கு லிவர்பூல் திரும்ப முடிந்தது. நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து இரவு ஓட்டத்தை அளக்கும் இந்த முறைதான் இன்றும் உலகம் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. பென்சிலுக்குப் பதில் கம்ப்யூட்டர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் வளர்கிற நகரத்துக்கு அந்த மிச்சம் போதவில்லை. 1880-களில் வேல்ஸ் பகுதியில் வெர்ன்வி என்ற இடத்தில் லிவர்பூலுக்காக ஒரு பெரிய அணை கட்டப்பட்டது. அதன் பொறியாளர்களில் ஒருவர் அதே டீக்கன். லான்வுதின் என்ற கிராமம், தேவாலயம் உட்பட, தண்ணீருக்குள் போனது. நகரத்தில் வீணாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் வெளியே யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

சதவீதம் ஏமாற்றும்

சரி, இழப்பை அளந்தாகிவிட்டது. ஒரு நகரம் நன்றாகச் செய்கிறதா, மோசமாகச் செய்கிறதா என்று எப்படிச் சொல்வது? நீண்ட காலமாக இருந்த விடை சதவீதம். அனுப்பிய தண்ணீரில் எத்தனை சதவீதம் வீணானது?

கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கணக்கில் ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. ஒரு நகரம் 100 லிட்டர் அனுப்புகிறது, 20 லிட்டர் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 20 சதவீதம். இப்போது மக்கள் சிக்கனமாக இருந்து 20 லிட்டரை மிச்சப்படுத்துகிறார்கள். நகரம் 80 லிட்டர் மட்டும் அனுப்புகிறது. ஒழுகல் அதே 20 லிட்டர். இழப்பு 25 சதவீதம் ஆகிவிட்டது! நகரம் திருந்தியது, மார்க் குறைந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் நகரத்தில் மீதி இருபது மணி நேரம் குழாய் காலி. காலிக் குழாய் எப்படி ஒழுகும்? சதவீதம் அழகாக இருக்கும். குழாய் ஓட்டை, ஓட்டையாகவே இருக்கும்.

இதனால் 1999-ல் ஆலன் லாம்பர்ட் முதலிய நிபுணர்கள் வேறோர் அளவை முன்வைத்தார்கள். குழாய்களின் நீளம், இணைப்புகளின் எண்ணிக்கை, தண்ணீரின் அழுத்தம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால், மிக நன்றாகப் பராமரிக்கப்படும் நகரத்தில்கூடத் தவிர்க்க முடியாத கசிவு இவ்வளவு என்று ஒரு கணக்கு வரும். உண்மையான கசிவு அதைப்போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பதே அந்த அளவு. 2000-ம் ஆண்டில் சர்வதேசத் தண்ணீர் சங்கம், எல்லா நகரங்களும் ஒரே மாதிரி நிரப்பக்கூடிய ஒரு தண்ணீர் இருப்புநிலைப் பட்டியலையும் வெளியிட்டது. இடது பக்கம் மொத்த வரவு. வலது பக்கம் பில் போட்ட தண்ணீர், பில் போடாத தண்ணீர், திருட்டும் மீட்டர் பிழையும், கடைசியில் உண்மையான கசிவு. வணிகவியல் படித்தவர்களுக்கு இது பேலன்ஸ் ஷீட் மாதிரியே தெரியும். இரண்டு பக்கமும் சமமாக வந்தாக வேண்டும்.

புனோம் பென்: ஜெனரல் வீட்டு மீட்டர்

கம்போடியாவின் தலைநகரம் புனோம் பென். 1975-ல் கெமர் ரூஜ் படையினர் நகரத்தையே காலி செய்து மக்களைக் கிராமங்களுக்கு விரட்டினார்கள். 1979-ல் அந்த ஆட்சி விழுந்து மக்கள் திரும்பி வந்தபோது குழாய்கள் இருந்தன. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை.

1993-ல் எக் சொன் சான் என்ற பொறியாளர் நகரத் தண்ணீர் ஆணையத்தின் தலைவரானார். அன்றைய நிலைமை: உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வரவில்லை. ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம்தான் விநியோகம். போட்ட பில்லில் பாதி கூட வசூலாகவில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் இருந்த பல பேருக்குத் தண்ணீர் போகவில்லை. தண்ணீர் போன பல வீடுகள் பட்டியலில் இல்லை. இணைப்பு இல்லாத ஏழைகள் பக்கத்து வீட்டிலும் வியாபாரிகளிடமும் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள்.

அவர் எங்கிருந்து தொடங்கினார்? தன் அலுவலகத்திலிருந்து. திருட்டு இணைப்புகள் கொடுத்து வந்தவர்களில் சொந்த ஊழியர்களே இருந்தார்கள். அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தார், நேர்மையாக உழைத்தவர்களின் சம்பளத்தை உயர்த்தினார். அடுத்து வீடு வீடாக ஆள் அனுப்பி வாடிக்கையாளர் பட்டியலைப் புதிதாக எழுதினார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். அரசு அலுவலகங்களும் பெரிய மனிதர்களும் கூட பில் கட்ட வேண்டும் என்றார். ஒரு ராணுவ ஜெனரலின் வீட்டில் மீட்டர் வைக்க ஊழியர்கள் பயந்தபோது அவரே நேரில் போனார். ஜெனரல் துப்பாக்கியை எடுத்து அவர் தலையில் வைத்தார். திரும்பிப் போன எக் சொன் சான், ஆயுதம் ஏந்திய காவலர்களோடு மறுபடி வந்து அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்தார்!

2008-ல் கணக்கில் வராத தண்ணீர் சுமார் 6 சதவீதமாகக் குறைந்திருந்தது. இருபத்து நான்கு மணி நேர விநியோகம். 1993-ல் 26,881 ஆக இருந்த இணைப்புகள் 2009-ல் 1,91,092 ஆக உயர்ந்தன. ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுக்கப்பட்டது. சிலருக்கு முழுத் தள்ளுபடி. 2006-ல் எக் சொன் சானுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2012-ல் கம்போடியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் தொடங்கியபோது அதில் பட்டியலிடப்பட்ட முதல் நிறுவனமே இந்தத் தண்ணீர் ஆணையம்தான்.

சொவேட்டோ: அதே மீட்டர், வேறு கதை

இதுவரை படித்தால் மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். தென்னாப்பிரிக்காவின் கதை அப்படி முடியவில்லை.

ஜோகன்னஸ்பர்க் நகரம் வாங்கிய தண்ணீரில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே சொவேட்டோ பகுதிக்குப் போனது. வருமானமோ அங்கிருந்து ஒரு சதவீதம்தான். அங்கே போன தண்ணீரில் சுமார் முக்கால் பங்குக்குக் கணக்கில்லை. நிறவெறி ஆட்சிக் காலத்தில் போட்ட பழைய குழாய்கள், வீட்டுக்குள் ஒழுகும் கழிப்பறைத் தொட்டிகள். மீட்டர் இல்லாமல் மாதம் 20,000 லிட்டர் என்று உத்தேசமாக பில் போட்டு வந்தார்கள். இழப்பு நிஜம். அதை யாரும் மறுக்க முடியாது.

2003-ல் தொடங்கிய திட்டத்தில் குழாய்களைச் சரி செய்தார்கள். கூடவே ஃபிரி என்ற பகுதியிலிருந்து ஆரம்பித்து முன்பணம் கட்டும் மீட்டர்களையும் வைத்தார்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்தால், காசு போடும் வரை தண்ணீர் நின்றுவிடும். ஒரே மனையில் பல குடும்பங்கள் வாழும் இடங்களில் மாதம் முடியும் முன்பே குழாய் வறண்டது. வசதியானவர்கள் வாழும் பகுதிகளிலோ முதலில் தண்ணீர், பிறகு பில். கட்டாவிட்டால் நோட்டீஸ் வரும், அவகாசம் கிடைக்கும்.

ஃபிரி மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2008-ல் உயர் நீதிமன்றம் அந்த மீட்டர்கள் சட்டவிரோதம் என்றும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 42 லிட்டர் ஆக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்து, இரண்டு உத்தரவுகளையும் ரத்து செய்தது. சட்டப்படி நகரம் ஜெயித்தது. மாதக் கடைசியில் காலிக் குடத்தோடு நின்ற குடும்பத்துக்கு அந்த வெற்றியில் பங்கு இல்லை.

முதல் பக்கத்தில் யார் பெயர்?

நான்கு நகரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். நான்கும் அளந்தன. ஆனால் யாரை முதலில் அளந்தன? ஃப்ரான்டினஸ் தன் பதிவேட்டையும் தன் ஆட்களையும் அளந்தார். டீக்கன் தன் நகராட்சியின் தெருக் குழாயில் மீட்டரை வைத்தார். எக் சொன் சான் தன் அலுவலகத்தில் தொடங்கி ஜெனரல் வீடு வரை போனார். ஜோகன்னஸ்பர்க் பழைய குழாய்களையும் சரி செய்தது உண்மைதான். ஆனால் காசு போட்டால்தான் தண்ணீர் என்ற மீட்டரை ஏழைகள் வீட்டு வாசலில் வைத்துத் தொடங்கியது.

தண்ணீர் மிச்சமாவது எல்லா இடத்திலும் நடக்கலாம். சதவீதம் எல்லா இடத்திலும் குறையலாம். ஆனால் மக்கள் அந்தக் கணக்கை நம்புவார்களா என்பது வேறு விஷயம். மேலே இருப்பவர்களின் பற்று முதலில் எழுதப்பட்டால்தான் கீழே இருப்பவர்கள் தங்கள் பில்லை நியாயமானதாக ஏற்பார்கள். எந்த நகரமானாலும் சரி, தண்ணீர்க் கணக்கை எழுத ஆரம்பிக்கும்போது அந்த நோட்டின் முதல் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும். மீதிக் கணக்கு எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.